அந்தப் பதிவேடு யாரிடம் இருக்கிறது?

எங்கள் கிளை நூலகத்தில் பொதுமக்களுக்கான கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அங்கே வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே எங்கோ பணம் கொடுத்துவிட்டோ வீணாக அலைந்துவிட்டோதான் வருகிறார்கள். வில்லங்கம் பார்த்துச் சொல்ல ஒருவர் சில நூறு ரூபாய் வாங்கியிருப்பார். அடுத்த வாய்தா என்றைக்கு என்று கேட்க ஒரு பெரியவர் பஸ் ஏறி வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்துவிட்டு வந்திருப்பார். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பெண் ‘மெட்டீரியல்’ என்ற பெயரில் ஒரு ஜெராக்ஸ் கட்டை விலை கொடுத்து வாங்கியிருப்பாள். மூன்றும் வீட்டிலிருந்தே காசில்லாமல் பார்க்கக் கூடியவை. இது தெரியாமல் போவது அவர்களுடைய தவறு இல்லை. சொல்ல வேண்டிய நாங்கள் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

‘பயனுள்ள நூறு இணையதளங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் பட்டியல்கள் சுற்றுகின்றன. நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் தேவை வரும் நாளில் அந்தப் பட்டியல் கைக்குக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பாதி முகவரிகள் மாறியிருக்கும். அதனால் நான் பட்டியல் கொடுப்பதில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகச் சொல்கிறேன்: எனக்கு வேண்டிய தகவல் முதன்முதலில் யாருடைய பதிவேட்டில் எழுதப்படுகிறது? பத்திரம் என்றால் பதிவுத் துறை. வழக்கு என்றால் நீதிமன்றம். சிம் கார்டு என்றால் தொலைத்தொடர்புத் துறை. பதில் தெரிந்துவிட்டால் அவர்களுடைய தளத்துக்கே நேராகப் போய்விடலாம். நடுவில் நின்று காசு வாங்குகிறவர்களும் அதே பதிவேட்டைப் பார்த்துத்தான் நமக்குச் சொல்கிறார்கள்.

நிலத்தில்தான் குழப்பம் அதிகம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் எல்லாம் வருவாய்த் துறையுடையவை. தமிழக அரசின் ‘இ-சர்வீசஸ்’ தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணையோ புல எண்ணையோ கொடுத்தால் பார்த்துவிடலாம். வில்லங்கம் பதிவுத் துறையுடையது. அது ‘டிஎன்ரெஜிநெட்’ தளத்தில் இருக்கிறது. திரையில் பார்க்கக் கட்டணம் இல்லை, சான்றிட்ட நகலுக்குத்தான் கட்டணம். “பட்டா அவர் பேர்ல இருக்கே, அப்புறம் எதுக்கு வில்லங்கம்?” என்று கேட்பவர்கள் நிறைய. இரண்டும் வெவ்வேறு துறைகள், வெவ்வேறு பதிவேடுகள். ஒரு நிலத்தை விற்றுப் பத்திரம் பதிந்த பிறகும் பட்டா பழைய ஆள் பெயரிலேயே இருக்கலாம். அடமானம் பதிவாகியிருந்தால் அது வில்லங்கத்தில் தெரியும், பட்டாவில் தெரியாது.

வில்லங்கம் பார்க்கும்போது உட்பிரிவு எண்ணைக் கவனமாகப் போட வேண்டும். 112/2ஏ என்பதை 112/2 என்று போட்டுவிட்டு, ஒன்றும் வரவில்லை, சொத்து சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாக எழுந்து போகப் பார்த்தவர்களை உட்காரவைத்து மறுபடி தேடச் சொல்லியிருக்கிறேன். இதற்கு நேர்மாறாக, உட்பிரிவு ஆவதற்கு முன்னால் நடந்த விற்பனையும் அடமானமும் பழைய மூல எண்ணின் கீழேதான் இருக்கும். ஆகவே இரண்டு எண்களிலும் தேடுங்கள். பதிவு செய்யாத ஒப்பந்தங்கள் வில்லங்கத்தில் வராது. நீங்களே பார்த்துவிட்டீர்கள் என்பதற்காக வக்கீல் கருத்து வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம் என்பதுதான் இதில் இருக்கும் பெரிய லாபம்.

அடுத்தது, என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது. கணவர் இருந்தவரை வங்கிப் பக்கமே போகாத பெண்கள், அவர் இறந்த பிறகு ஒரு பழைய பாஸ்புக்கையும் நாலு காகிதங்களையும் பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. பத்து ஆண்டுகள் யாரும் தொடாமல் கிடக்கும் கணக்குகளின் பணத்தை, 2014-ல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய வைப்பாளர் விழிப்புணர்வு நிதிக்கு வங்கிகள் மாற்றிவிடும். அந்தப் பணம் தொலைந்துபோவதில்லை. கணக்கு வைத்திருந்தவரோ வாரிசோ அந்த வங்கியிடம் கேட்டுப் பெறலாம். எந்த வங்கி என்று கண்டுபிடிப்பதுதான் பாடாக இருந்தது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ‘உத்கம்’ என்ற தளத்தைத் தொடங்கியது. முதலில் 7 வங்கிகள் இருந்தன; 2024 மார்ச்சுக்குள் 30 வங்கிகள் ஆயின. கோரப்படாத வைப்புத் தொகையில், மதிப்பின்படி ஏறத்தாழ 90 விழுக்காடு இந்த 30 வங்கிகளுக்குள் வந்துவிடுகிறது.

பெயரோடு பிறந்த தேதி, பான், வாக்காளர் அட்டை எண் போன்ற ஏதாவது ஒன்றைக் கொடுத்துத் தேட வேண்டும். நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு, அது இனிஷியல். எஸ். முருகேசன் என்பவர் ஒரு வங்கியில் இனிஷியலை முன்னால் போட்டிருப்பார், இன்னொன்றில் பின்னால். மூன்றாவதில் அப்பா பெயரையே முழுதாக எழுதியிருப்பார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலும் கிளைக்குக் கிளை மாறும். ஒருமுறை தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள், எல்லா வடிவங்களிலும் தேடுங்கள். கிடைத்துவிட்டால் அந்த வங்கிக் கிளைக்கு நேரில் போய் விண்ணப்பம் கொடுங்கள். தளம் தேடித்தான் தரும், பணம் வங்கி வழியாகத்தான் வரும். “நாங்களே வாங்கித் தருகிறோம், முன்கட்டணம் மட்டும் அனுப்புங்கள்” என்று யாராவது போன் செய்தால் அப்போதே துண்டித்துவிடுங்கள். ஏழு ஆண்டுகள் வாங்காமல் விட்ட பங்கு ஈவுத்தொகை மத்திய அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போகும். அதற்கும் தனித் தளம் உண்டு. எல்.ஐ.சி. தளத்திலும் கோரப்படாத தொகையைத் தேடும் வசதி இருக்கிறது.

கைப்பேசிக்கு ‘சஞ்சார் சாத்தி’. தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கியது. உங்கள் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால், உங்கள் அடையாளத்தில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்று காட்டும். உங்களுடையதல்லாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள், சில நிமிட வேலைதான். உங்கள் பெயரில் இருக்கும் சிம்மை வைத்து வேறு யாரோ மோசடி செய்தால் விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். போன் தொலைந்தால் அதே தளத்தில் அந்தப் போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து முடக்கலாம். போலீஸ் புகாரின் நகல் வேண்டும். 15 இலக்கம் கொண்ட அந்த எண்ணைப் போன் தொலைந்த பிறகு தேடுவது சிரமம் என்பதால், தொலைவதற்கு முன்பே நட்சத்திரம்-ஹாஷ்-06-ஹாஷ் அடித்துப் பார்த்து வீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் போய்விட்டால் முதலில் 1930 என்ற எண். அதன்பின் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளம். இதில் தாமதம்தான் எதிரி. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வழி உண்டு. வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது. படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

சரி, உண்மையான தளத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று எப்படித் தெரியும்? தேடுபொறியில் முதலில் வருவது அசல் என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். மேலே வருபவை சில நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரங்கள். ‘ஸ்பான்சர்டு’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் வாங்குவதாகச் சொல்லும் போலித் தளங்களின் பெயர்களை வெளியுறவுத் துறையே தன் பாஸ்போர்ட் தளத்தில் எழுதி எச்சரித்திருக்கிறது. முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருப்பதையும் நம்ப வேண்டாம். நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதற்குப் பொருள். மறுமுனையில் இருப்பவர் யார் என்பதை அது சொல்லாது.

முகவரியைப் பின்னாலிருந்து படியுங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘டிஎன்பிஎஸ்சி டாட் கவ் டாட் இன்’ என்று முடிந்தால் அது அரசுத் தளம். ‘டாட் கவ் டாட் இன்’ என்ற முடிவை அரசு அமைப்புகள் மட்டுமே வாங்க முடியும். ‘டிஎன்பிஎஸ்சி கவ் இன்’ என்பதற்கு நடுவில் சிறு கோடுகள் போட்டு ‘டாட் காம்’ என்று முடித்திருந்தால் அதை யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். வங்கிகளுக்கும் இப்போது ஒரு தனி முடிவு வந்துவிட்டது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் ‘டாட் பேங்க் டாட் இன்’ முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடவே தேடாதீர்கள். ஏடிஎம் அட்டையின் பின்புறத்தில் இருக்கிறது, பாஸ்புக்கில் இருக்கிறது. தேடிக் கிடைத்த எண்ணுக்குப் போன் செய்து கணக்கைக் காலி செய்துகொண்டவர்கள் எங்கள் பகுதியிலேயே உண்டு.

நீதிமன்ற வழக்குகளுக்கு ‘இ-கோர்ட்ஸ்’ தளம். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் இலக்கமுமாக 16 குறிகள் கொண்ட, சிஎன்ஆர் என்ற தனி எண் ஒன்று இருக்கும். வக்கீலிடம் ஒருமுறை கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் வாய்தா தேதி, போன வாய்தாவில் என்ன நடந்தது என்பதெல்லாம் தெரியும். கடன் அறிக்கை தரும் நிறுவனங்கள் நாட்டில் நான்கு. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மாதச் சந்தா கட்டச் சொல்லும் பொத்தான்தான் பெரிதாக இருக்கும், இலவச அறிக்கைக்கான இணைப்பைக் கொஞ்சம் பொறுமையாகத் தேட வேண்டும். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று அதில்தான் தெரியவரும். மருந்துக்கு மக்கள் மருந்தகங்களின் ‘ஜன் ஔஷதி’ தளம் இருக்கிறது. மருந்தின் மூலப்பெயரைப் போட்டால் அங்கே என்ன விலை என்று காட்டும். மருந்தை மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கும் அதே கேள்விதான். கேள்வித்தாள் யார் தயாரிக்கிறார்கள்? பாடநூல் யார் அச்சிடுகிறார்கள்? டிஎன்பிஎஸ்சி தளத்திலேயே பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன. 6 முதல் 12 வரையிலான பள்ளிப் பாடநூல்களைப் பாடநூல் கழகத்தின் தளத்தில் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். பொறியியல், கணிதம், பொருளாதாரம் என்று மேலே படிக்க ஆசைப்பட்டால் ‘என்பிடெல்’, ‘ஸ்வயம்’. ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகளைக் கட்டணமில்லாமல் கேட்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் காசு. பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிற பையன் ஒருவன் சாயங்காலங்களில் வந்து இந்த வகுப்புகளைக் கேட்கிறான். ஆங்கிலம் சிரமம் என்பதால் அதே பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவான். அவனுக்காகவே ஹெட்போன் ஒன்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

வந்த வேலை முடிந்த பிறகு சிலரை நானே பிடித்து உட்காரவைத்து வேறு மூன்று தளங்களைக் காட்டுவேன். மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஒரு தமிழ் விஞ்ஞானி முன்னெடுக்க, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் தொட்டுத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்தார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இன்று கடைகளில் கிடைக்காத பழைய நூல்களை அச்சான வடிவத்திலேயே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். மூன்றாவது, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்க்கும் ‘நூலகம்’ தளம். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அந்த மண்ணின் எழுத்தையெல்லாம் இணையத்தில் சேர்த்து வைக்க 2005-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய வேலை இன்றும் நடக்கிறது. நூலகத்தில் வேலை செய்கிறவள் என்ற முறையில் அந்தத் தளத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு மரியாதை எழுகிறது. கோயில் திருவிழா மலர், பள்ளி ஆண்டு மலர், ஊர்ப் பத்திரிகை என்று, யாரும் பாதுகாக்க நினைக்காத சின்னச் சின்ன வெளியீடுகளும் அங்கே இருக்கின்றன. எரிந்துபோன இழப்பை நினைத்தால் அவற்றின் அருமை புரியும்.

அரசுத் தளங்களில் ஒரு குறை உண்டு: நெரிசல் நேரத்தில் திறக்காது. கடைசித் தேதிக்கு முந்தின நாள் வந்து “சர்வர் டவுன்” என்று தவிப்பவர்களைத்தான் தரகர்கள் எளிதாகப் பிடிக்கிறார்கள். விடியற்காலையிலோ இரவு பத்து மணிக்கு மேலோ முயன்று பாருங்கள். தானே செய்ய முடியாதவர்கள் அரசு இ-சேவை மையத்துக்குப் போகலாம்; சேவைக் கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட்டு, ரசீதையும் கேட்டு வாங்குங்கள். சரியான தளத்தை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அதைக் கைப்பேசியின் முகப்பில் சேமித்துவிடுங்கள், அடுத்த முறை தேடுபொறி வழியாகப் போகவே வேண்டாம். வயதானவர்களுக்கு முகவரியையும் 1930 என்ற எண்ணையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன். அதே தாளில் ஏடிஎம் பின் நம்பரையும் எழுதி வைத்துவிட வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.