காய்ச்சல் என்றைக்குத் தொடங்கியது?

சிக்குன்குனியா நோயாளியை, அவர் நாற்காலியில் உட்காரும் விதத்திலேயே பல நேரம் கண்டுகொள்ளலாம். கையை ஊன்றி உட்கார முடியாது, மணிக்கட்டு வீங்கியிருக்கும். விரல்களை மடக்கச் சொன்னால் பாதியில் நின்றுவிடும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்தபோது உயிரே போய்விட்டது என்பார்கள். 1952-53இல், இன்றைய தான்சானியாவின் மக்கொண்டே பீடபூமியில் பரவியபோதுதான் இந்நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. வலியால் உடல் வளைந்துபோவதைக் குறிக்கும் அம்மக்களின் சொல்லே அதற்குப் பெயராயிற்று. அதைவிடப் பொருத்தமான பெயரை நான் கண்டதில்லை.

கொசு கடித்துப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள்களில் திடீரெனக் கடுங்காய்ச்சல் வரும். கை, கால் மூட்டுகள் இரு பக்கமும் ஒரே மாதிரி வலிக்கும். காய்ச்சல் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். வலி சிலருக்கு மாதக்கணக்கில் தங்கும்.

டெங்குவைப் பரப்புவதும் இதே ஏடிஸ் கொசுதான் என்பதால் குழப்பம் இயல்பு. மூட்டு வீங்கியிருந்தால் என் சந்தேகம் சிக்குன்குனியாவின் பக்கம் சாயும். ஆனால் அதை நம்பி ஆஸ்பிரினோ மற்ற வலிமாத்திரைகளோ எழுதித்தரமாட்டேன். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டுமே. விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தக்கசிவு ஆகியவை தெரிந்தால், காய்ச்சல் இறங்கியிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு பரவல் ஓய்ந்தபின் எங்கள் புறநோயாளிப் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். முகவரிக்கான இடத்தில் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தது. தேதி என்றால், நோயாளி வந்த தேதி. நாங்கள் விழித்துக்கொள்வதற்கு மூன்று வாரம் முன்பே முதல் நோயாளிகள் வந்து, 'வைரஸ் காய்ச்சல்' என்ற ஒற்றை வரியோடு திரும்பியிருந்தார்கள். அந்த வரியை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

ஒருவர் இரண்டாம் நாளே வருவார். இன்னொருவர் வலி பொறுக்காமல் இரண்டு வாரம் கழித்து வருவார். வந்த தேதியை வைத்து வரைபடம் போட்டால், தணிந்துகொண்டிருக்கும் பரவலும் ஏறுவதுபோல் தெரியும். ஆகவே காய்ச்சல் தொடங்கிய நாள்தான் வேண்டும். 'எத்தனை நாளாக?' என்றால் 'நாலைந்து நாளாக' என்பார்கள். 'ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனீர்களா?' என்று கேட்டால் தேதி கிடைத்துவிடும். வீட்டில் வேறு யாருக்கு, அண்மையில் எங்கே போய்வந்தீர்கள் என்பவை அடுத்த கேள்விகள். 2007இல் இத்தாலியில் 200க்கும் மேற்பட்டோருக்குப் பரவிய நோய், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரே பயணியிடமிருந்து தொடங்கியது.

தெருவும் வீட்டு எண்ணும் இருந்தால் வரைபடத்தில் புள்ளி வைக்கலாம். ஏடிஸ் நெடுந்தூரம் பறக்காது. புள்ளிகள் குவியும் இடத்துக்கு அருகிலேயே அது முட்டையிட்ட தண்ணீரும் இருக்கும். தேடலை அங்கே தொடங்குங்கள். புகையடித்தால் பறக்கும் கொசு சாகும். காய்ந்த பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிய முட்டையோ மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

ஆய்வகத்துக்கும் நாள்கணக்கு முக்கியம். முதல் வாரத்தில், வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை வைரஸைக் காட்டும். தொற்றை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஐஜிஎம் எதிர்ப்புரதம் தெரிய ஐந்து நாளாவது ஆக வேண்டும். இரண்டாம் நாள் எடுத்த ஐஜிஎம் எதிர்மறை என்றால், அதை நோய் இல்லை என்று படிக்கக் கூடாது. சில மாதிரிகளில் பரவல் உறுதியானபின் எல்லோருக்கும் பரிசோதனை தேவையில்லை. பிரசவத்தை ஒட்டிக் காய்ச்சல் கண்ட தாய், அவர் குழந்தை, முதியோர், புதிதாக நோய் தென்படும் பகுதி ஆகியவற்றுக்கு அதை ஒதுக்கலாம்.

முதல் வாரம் நோயாளியைப் பகலிலும் வலைக்குள் இருக்கச் சொல்கிறேன். அவருக்குத்தான் வந்துவிட்டதே, இனி எதற்கு வலை என்று கேட்பார்கள். அந்த நாள்களில் அவர் இரத்தத்தில் வைரஸ் நிறைந்திருக்கும். அவரைக் கடிக்கும் கொசு சில நாளில் அடுத்த அறையில் இருப்பவரைக் கடிக்கும்.