விந்தையா, அயலா?

முதுகலை இயற்பியல் படிக்கும் மாணவி ஒருத்தி போன வாரம் ஒரு தமிழாக்கத்தைத் திருத்தித் தரச் சொல்லிக் கொண்டுவந்தாள். தலைப்பு: ‘உயர் ஆற்றல் கன அயனி மோதல்களில் விசித்திரத் துகள் உற்பத்தி’. ‘கன அயனி’, அதாவது ஈயம் போன்ற கனத்த அணுவின் அயனி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கனம் என்றால் முப்படி அல்லவா என்று முணுமுணுப்பவர்கள் உண்டு, ஆனால் கனநீர் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. மதுரைக்காரனுக்கு ‘உற்பத்தி’ என்றாலே பஞ்சாலைச் சங்குதான் காதில் கேட்கும். அதை அடித்து ‘ஆக்கம்’ என்று எழுதினேன். பேனா நின்ற இடம் ‘விசித்திரம்’.

“அகராதியில் ஸ்ட்ரேஞ்ச் என்பதற்கு அதுதானே சார் இருக்கிறது?” என்றாள்.

இருக்கிறது. ஆனால் விசித்திரம் என்ற வடசொல்லின் உள்ளே சித்திரம் இருக்கிறது. பல நிறம் கொண்டது, பலவகைப்பட்டது என்பதே அதன் பழைய பொருள். புரோட்டான், நியூட்ரான்களுக்குள் இருக்கும் நுண்துகள்களான குவார்க்குகளுக்கோ ‘நிறம்’ என்று தனியே ஒரு பண்பு உண்டு; சிவப்பு, பச்சை, நீலம் என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். நிறத்தோடு தொடர்பே இல்லாத ஒரு பண்புக்கு நிறத்திலிருந்து பிறந்த சொல்லை வைப்பானேன்?

முதலில் ஆங்கிலச் சொல் அந்தத் துகளிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். 1947-இல் மான்செஸ்டரில் ஜார்ஜ் ராச்செஸ்டரும் கிளிஃபோர்ட் பட்லரும் துகள் போன வழியைத் துளிக்கோடாகக் காட்டும் முகில் அறைக்குள், விண்வெளியிலிருந்து விழும் காஸ்மிக் கதிர்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படத்தில், எதுவும் வந்து சேர்ந்த சுவடே இல்லாத இடத்திலிருந்து இரண்டு தடங்கள் கவட்டைபோலப் பிரிந்தன. மின்னேற்றமில்லாத ஏதோ ஒன்று தடம் பதிக்காமல் வந்து, அங்கே சிதைந்திருக்கிறது. இத்தகைய துகள்கள் மேலும் அகப்பட அகப்படக் குழப்பம் கூடியது. ஏராளமாகப் பிறப்பதைப் பார்த்தால் அவற்றை ஆக்குவது அணுக்கருவின் வலிய விசை என்று தெரிந்தது. அதே விசைதான் சிதைக்கிறது என்றால் பத்தின் அடுக்கு மைனஸ் 23 நொடி அளவில் கதை முடிய வேண்டும். ஆனால் இவை மைனஸ் 10 அடுக்கு வரை தாக்குப்பிடித்தன. ஒரு நொடியில் தீர வேண்டிய வேலை மூன்று லட்சம் ஆண்டு இழுத்தது போன்ற தாமதம் அது.

1953-இல் மர்ரே கெல்-மான் இதற்கு ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். இந்தத் துகள்கள் ஓர் எண்ணைச் சுமக்கின்றன. வலிய விசை அந்த எண்ணின் மொத்தத்தை மாற்றாது. ஆகவே ஆக்கும்போது கூட்டல் ஒன்றும் கழித்தல் ஒன்றுமாகச் சேர்த்தே ஆக்கும். பிரிந்து தனியாகிவிட்ட துகளைச் சிதைக்க, மெதுவாக வேலை செய்யும் மெலிந்த விசையால்தான் முடியும், அதனால்தான் அந்தத் தாமதம். ஜப்பானில் நிஷிஜிமாவும் தனியே இதே முடிவுக்கு வந்தார். அவர் வைத்த பெயர் ‘ஈட்டா சார்ஜ்’. சாதுவான பெயர், நிலைக்கவில்லை. கெல்-மானின் ‘ஸ்ட்ரேஞ்ச்னஸ்’ நின்றுவிட்டது.

அவர் வைத்தது ‘புரியவில்லையே’ என்ற திகைப்பின் பெயர். அந்த வகையில் ‘விந்தை’ சரியாகவே பொருந்துகிறது. ‘வியன்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். வியப்பு என்ற பொருள் அதற்கும் உண்டு என்றாலும், குறளில் ‘வியனுலகம்’ படித்து வளர்ந்தவர்களுக்கு அகன்ற உலகம்தான் முதலில் கண்ணில் தெரியும். கொஞ்ச தூரம் போவதற்குள்ளேயே சிதைந்துவிடுகிற லாம்டா என்ற விந்தைத் துகளுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் அதிகம்.

இன்னொரு சொல்லும் போட்டிக்கு நிற்கிறது. ஸ்ட்ரேஞ்ச் என்பதன் இலத்தீன் மூலத்துக்கு வெளியே இருப்பது, அயலது என்று பொருள். வியப்பு பிற்பாடு ஒட்டிக்கொண்டது. ஊருக்குப் புதிதாக வந்தவனைப் பார்த்து நாம் வியக்கிறோம் அல்லவா, அந்த வழியில். நல் நன்மை ஆவதுபோல அயல் ‘அயன்மை’ ஆகும். கன அயனி மோதலுக்கு இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துவதுதான் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. ஈய அணுக்கருவில் 82 புரோட்டான்கள், மீதி நியூட்ரான்கள். எல்லாமே மேல், கீழ்க் குவார்க்குகளால் ஆனவை. மோதலுக்கு முன் விந்தைக் குவார்க்கின் கணக்கு சுழி. வெளியே வருகிற ஒவ்வொரு விந்தைக் குவார்க்கும் மோதலுக்குள்ளேயே, தன் எதிர்க்குவார்க்கோடு பிறந்தது. வீட்டில் இல்லாத ஒன்று வெளியே வருகிறது. அயலது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

அது ஏன் முக்கியம் என்று யோஹான் ரஃபெல்ஸ்கியும் பெர்ண்ட் முல்லரும் 1982-இல் சொன்னார்கள். சாதாரணத் துகள் மோதலில் ஒரு லாம்டாவையும் கேயான் என்ற இன்னொரு விந்தைத் துகளையும் சேர்த்து ஆக்க ஏறக்குறைய 670 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் தேவை. குவார்க்குகளும் அவற்றை ஒட்டிவைக்கும் குளுவான்களும் கட்டவிழ்ந்து குழம்பாகக் கிடந்தால், இரண்டு குளுவான்கள் முட்டி ஒரு விந்தைச் சோடியைப் பெற 200 போதும். கட்டவிழ்ந்த நிலைக்கு, அதாவது குவார்க்-குளுவான் பிளாஸ்மாவுக்கு, இந்த மலிவுவிலையே அடையாளம் ஆகலாம் என்பது அவர்கள் வாதம்.

எவ்வளவு கூடும் என்பதை எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அம்மாவை வைத்து அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். கூடையில் மல்லிகையோடு பத்துக்கு ஒன்று கனகாம்பரம் கலந்திருக்கிறது. அந்த அம்மா பார்க்காமலே எடுத்து மூன்று மூன்றாக வாழைநாரில் முடிகிறார். மூன்றும் கனகாம்பரமாக விழுவது ஆயிரம் முடிச்சில் ஒன்று. கலவையைப் பத்துக்கு இரண்டு ஆக்கினால் அது எட்டாகிவிடும். ஒரே ஒரு கனகாம்பரம் உள்ள முடிச்சோ இரண்டு மடங்கைக்கூட எட்டாது. மூன்றும் விந்தைக் குவார்க்காக இருக்கும் ஒமேகா துகளின் பெருக்கம், ஒன்று மட்டும் உள்ள லாம்டாவின் பெருக்கத்தைவிட அதிகம் என்று செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் ஆய்வுக்கூடத்தின் ஈய மோதல்களில் கண்டார்கள். டபிள்யூஏ97, என்ஏ57 சோதனைகளில், மோதலில் பங்கேற்ற நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) ஒன்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டு, சிறிய மோதல்களோடு ஒப்பிட்டால், ஒமேகா ஏறக்குறைய 20 மடங்கு வரை கூடியிருந்தது.

“அப்படியானால் அயல் துகள் என்றே எழுதிவிடவா சார்?”

வேண்டாம் என்றேன். மனமில்லாமல்தான். கேயான்கள் மோதல் அறைகளில் மட்டும் இருப்பவை அல்ல. மதுரைக்கு மேலேயே காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போதெல்லாம் அவை பிறந்து சிதைகின்றன. மதுரையை ஒட்டிய வடபழஞ்சியில் 85 டன் இரும்புக் காந்தத்தோடு நிற்கும் மினி-ஐகால் என்ற துகள் உணர்கருவி பதிவுசெய்யும் மியூவான் துகள்களில் ஒரு பங்கு அந்தக் கேயான்கள் விட்டுச்சென்றவை. தலைக்கு மேல் தினமும் நடப்பதை அயல் என்பது எப்படி? தவிரவும் அயன்மை என்றால் பிரம்மாவை நினைப்பவர்களே இந்த ஊரில் அதிகம்.

ஆகவே குவார்க்குக்கும் துகளுக்கும் ‘விந்தை’. ஆனால் ஸ்ட்ரேஞ்ச்னஸ் என்ற அளவுக்கு வெறும் விந்தை போதாது. அது கூட்டிக் கழிக்கப்படுவது. அணு எண் போல ‘விந்தை எண்’ என்று எழுதச் சொன்னேன். விந்தைக் குவார்க்கின் விந்தை எண் மைனஸ் ஒன்று என்று பாடம் நடத்தும்போது வகுப்பு சிரிக்கும். கேயானுக்குக் குறி போட்டு முடித்த பிறகுதான் குவார்க்கு என்ற எண்ணமே வந்தது, அதன் விளைவு அது.

கடைசியாக ‘பெருக்கம்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டோம். 2017-இல் செர்னின் ஆலிஸ் சோதனைக் குழு, வெறும் புரோட்டான் மோதல்களிலேயே, நிறையத் துகள்கள் தெறிக்கும் மோதல்களைப் பிரித்துப் பார்த்தால் விந்தைத் துகள்களின் விகிதம் ஏறிக்கொண்டே போவதைக் காட்டியது. பெரிய மோதலில் பெருகியது என்பதா, சிறிய மோதலில் இடமில்லாமல் ஒடுங்கிக் கிடந்தது என்பதா? இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். அவள் ‘விந்தைப் பெருக்கம்’ என்று பென்சிலால் எழுதிவிட்டு, மை போடாமலே தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.