அடிபட்டவரைத் தூக்கிவிட்டால் வழக்கு நம் மேல் வருமா?

வராது. சாலை விபத்தில் அடிபட்டுக் கிடப்பவருக்கு நல்ல எண்ணத்தில் முதலுதவி செய்தவர் மீதும், அவரை ஆட்டோவிலோ காரிலோ ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் மீதும் அந்த உதவியைக் காரணம் காட்டி வழக்குப் போட முடியாது. போகும் வழியிலேயே அவர் இறந்துபோனாலும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு இதைச் சொல்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவு 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஆனாலும் விபத்து நடந்த இடத்தில் கூட்டம் கூடுகிறது, யாராவது 108-க்கு போன் செய்கிறார்கள், கிட்டே போய்த் தொடுவதற்கு மட்டும் தயங்குகிறார்கள். "போலீஸ் கேஸ் ஆயிடும், நமக்கெதுக்கு வம்பு" என்ற பேச்சு இன்னும் காதில் விழுகிறது. அப்படிச் சொல்பவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. கொண்டுவந்து சேர்த்தவரையே இடித்தவராகச் சந்தேகிப்பது, ஸ்டேஷனில் மணிக்கணக்கில் உட்காரவைப்பது, ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொல்வது, பிறகு சாட்சி சொல்ல வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலையவிடுவது என எல்லாமே நடந்திருக்கின்றன. சட்டம் மாறிவிட்டது. அந்தச் செய்திதான் தெருவரைக்கும் வந்து சேரவில்லை.

இதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே தமிழ்நாடுதான் முதலிடம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தால் சாலை விபத்து மரணங்களில் பாதியைத் தடுக்கலாம் என்று சட்ட ஆணையம் 2006-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சுட்டிக்காட்டியது. அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் இருப்பது டாக்டரோ போலீசோ இல்லை. டீக்கடையில் நிற்பவர்களும் பின்னால் பைக்கில் வந்தவர்களும்தான்.

சட்டம் எப்படி வந்தது

சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற தன்னார்வ அமைப்பு 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. உதவுகிறவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பது கோரிக்கை. அந்த வழக்கின் தொடர்ச்சியாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2015 மே மாதம் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. உதவியவர்களைப் போலீசும் கோர்ட்டும் எப்படி விசாரிக்க வேண்டும் என்ற நடைமுறை 2016 ஜனவரியில் வந்தது. வெறும் வழிகாட்டுதல் என்றால் யார் மதிப்பார்கள்? 2016 மார்ச் 30-இல் உச்ச நீதிமன்றம் இவை எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு அப்புறம்தான் நாடாளுமன்றம் அதைச் சட்டத்திலேயே எழுதியது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 168, 169 என்ற இரண்டு விதிகள் சேர்ந்தன. நமக்கு அன்றாடம் உதவுவது இந்த இரண்டும்தான்.

134ஏ பிரிவில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. உதவும்போது நம்மிடம் கவனக்குறைவே நேர்ந்திருந்தாலும் பாதுகாப்பு உண்டு என்கிறது அது. தூக்கும்போது கழுத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை, ரத்தத்தை நிறுத்தத் தெரியாமல் துணியைத் தப்பாகக் கட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் காயம் அதிகமானாலோ உயிர் போனாலோகூட, நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்கோ குற்ற வழக்கோ கிடையாது. மருத்துவம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. சட்டம் கேட்பது மூன்றே விஷயங்கள்: நல்ல எண்ணம் இருக்க வேண்டும், தானாக முன்வந்திருக்க வேண்டும், பணமோ பரிசோ எதிர்பார்த்திருக்கக் கூடாது.

சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்பதற்காக, மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றவோ, கழுத்திலோ முதுகெலும்பிலோ அடி இருக்கும்போல் தெரிபவரைக் கையைக் காலைப் பிடித்து இழுக்கவோ வேண்டாம். தீயோ வேறு ஆபத்தோ இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வைத்திருப்பதே நல்லது. ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். பலருக்கு அதுவே உயிரைக் காப்பாற்றும் உதவி.

பெயர் சொல்லத் தேவையில்லை

108-க்கோ 112-க்கோ போன் செய்து விபத்தைச் சொல்பவரிடம் "நீங்க யாரு, எங்க இருக்கீங்க" என்று கேட்டால், சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம். அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கும் அதேதான். பெயர், முகவரி, போன் நம்பர் எதையும் தரச் சொல்லி போலீசோ வேறு யாருமோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று 168-ஆம் விதி தெளிவாகச் சொல்கிறது. சாதி, மதம், ஆண் பெண் வேறுபாடு பார்க்காமல் மரியாதையாக நடத்த வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது.

விபத்து கேஸ் என்றால் ஆஸ்பத்திரியில் ஒரு பதிவு போடுவார்கள். அதில் நோயாளியை அழைத்து வந்தவர் யார் என்ற விவரமும் கேட்கப்படும். அந்த இடத்தில் பலருக்குக் கை நடுங்குகிறது. அதையும் நிரப்பச் சொல்லி வற்புறுத்த முடியாது. 2015 வழிகாட்டுதல் இந்தப் படிவத்தைப் பற்றியே தனியாகக் குறிப்பிட்டு, விவரம் தருவது உதவியவரின் விருப்பம் என்று சொல்கிறது.

அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, கொண்டுவந்தவரிடம் அட்மிஷனுக்கோ பதிவுக்கோ பணம் கேட்கக் கூடாது. பணம் கட்டும்வரை பிடித்து வைத்திருக்கவும் கூடாது. அவர் அடிபட்டவரின் சொந்தக்காரராக இருந்தால் மட்டும் இது பொருந்தாது. "முதல்ல எஃப்ஐஆர் வரட்டும்" என்று டாக்டர் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் முடியாது. உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, போலீஸ் நடைமுறையெல்லாம் அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவும் அதையே டாக்டர்களுக்குக் கடமையாக வைத்திருக்கிறது. உதவியவரின் உரிமைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பது ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் பொறுப்பு. அடுத்த முறை போகும்போது உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இத்தனை மணிக்கு இன்னாரை நான் கொண்டுவந்து சேர்த்தேன்" என்று ஒரு சீட்டு வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பெயரைச் சொல்லத் தயங்காதவர்கள் இதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

உதவுவது வேறு, சாட்சி சொல்வது வேறு

பயம் எல்லாம் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பது இந்த இடத்தில்தான். தூக்கிக்கொண்டு வந்தவர் எல்லோரும் சாட்சி ஆகிவிடுவதில்லை. வண்டி மோதியதை நீங்கள் பார்க்கவே இல்லை, கீழே கிடந்தவரைத்தான் பார்த்தீர்கள் என்றால் சேர்த்துவிட்டு உடனே கிளம்பிவிடலாம். மோதியதைப் பார்த்திருந்தாலும், நீங்களாக ஒத்துக்கொண்டு சாட்சி சொல்ல முன்வந்தால்தான் 169-ஆம் விதிப்படி விசாரணை நடக்கும்.

அந்த விசாரணையும் பழைய மாதிரி இல்லை. உங்களுக்குத் தோதான நேரத்தில், வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ நடக்க வேண்டும். விசாரணை அதிகாரி யூனிஃபார்ம் போடாமல் வர வேண்டும். நீங்களே விரும்பினால் ஸ்டேஷனுக்குப் போகலாம். ஸ்டேஷனுக்குத்தான் வர வேண்டும் என்று அவர் கேட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். அங்கேயும் ஒரே தடவையில், தேவையில்லாத தாமதம் இல்லாமல் விசாரணையை முடித்துவிட வேண்டும். அதிகாரி பேசும் மொழி உங்களுக்குத் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்திருப்பவர்களுக்கும், லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போகிற நம் டிரைவர்களுக்கும் இது பெரிய துணை.

கட்டாயம் இல்லை என்றாலும், நேரில் பார்த்தவர்கள் சாட்சி சொல்ல முன்வர வேண்டும் என்பது என் கருத்து. குடும்பத்தில் சம்பாதிப்பவரே போய்விட்டால் அந்த வீட்டுக்கு மிச்சம் இருப்பது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கிடைக்கும் தொகைதான். தவறு யார் மேல் என்று சொல்ல ஆள் இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் அங்கே திணறுகின்றன.

இடித்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை

விபத்தை ஏற்படுத்திய வண்டியின் டிரைவரே அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், விபத்துக்கான பொறுப்பிலிருந்து 134ஏ அவரை விடுவிக்காது. அவருக்கு அது உபகாரம் இல்லை, சட்டக் கடமை. கூட்டம் அடிக்க வருகிறது என்பது போல அவர் கையை மீறிய நிலைமை இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. அப்போதும் போலீசுக்குத் தகவல் சொல்லத்தான் வேண்டும்.

பணம் பற்றிய இரண்டு விஷயங்கள்

உதவியவர்களைப் பாராட்ட மத்திய அரசு 2021 அக்டோபரில் 5,000 ரூபாய் பரிசுத் திட்டம் கொண்டுவந்தது. 2025-இல் அது ராஹ்வீர் என்ற பெயரில் 25,000 ரூபாயாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் நற்கருணை வீரன் என்ற பெயரில் இந்தப் பரிசைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பலத்த காயம் பட்டவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்திருக்க வேண்டும். போலீசோ ஆஸ்பத்திரியோ அனுப்பும் விவரத்தை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பரிசீலிக்கும். பல பேர் சேர்ந்து ஒருவரைக் காப்பாற்றியிருந்தால் தொகையைப் பிரித்துக் கொடுப்பார்கள். இந்தப் பரிசு வேண்டுமென்றால் மட்டும் பெயரும் வங்கிக் கணக்கும் தந்தாக வேண்டும்.

சிகிச்சைச் செலவை நினைத்தும் சிலர் பின்வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில் இலவசம். வெளிமாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும்கூட உண்டு. காப்பீட்டு அட்டை கேட்க மாட்டார்கள். நாடு முழுவதுக்குமாக மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

போலீசோ ஆஸ்பத்திரியோ தொல்லை கொடுத்தால்

பெயரைக் கேட்டு மிரட்டிய போலீஸ்காரர் மீதோ, பணம் கட்டச் சொல்லிப் பிடித்து வைத்த ஆஸ்பத்திரி மீதோ மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமும் ஆட்சியரிடமும் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மிரட்டும் அதிகாரி மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்ற வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அவசரச் சிகிச்சை தர மறுக்கும் டாக்டரின் செயல் தொழில் ஒழுங்கீனமாகக் கருதப்படும். அதனால் அவர் மீது மருத்துவக் கவுன்சிலுக்கும் போகலாம். புகாரில் தேதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் எழுதினால் போதும். 134ஏ, 168, 169 என்ற மூன்று எண்களையும் அதில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.