ஸ்லாப்: தமிழில் பதர்

ஆங்கிலத்தில் 'ஸ்லாப்' என்ற சொல் 1700களில் இளகிய சேற்றைக் குறித்தது. 1800களில் பன்றிக்கு ஊற்றும் மிச்சம் மீதிக்குப் பெயரானது. பிறகு மட்டமான எதையும் அப்படிச் சொல்லத் தொடங்கினார்கள். இன்றைக்கு செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மூட்டை மூட்டையாக உண்டாக்கப்படும் கதை, கட்டுரை, படம், காணொலி எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். இணையத்தில் அங்கங்கே இந்தப் பொருளில் புழங்கிய சொல்லை 2024 மே மாதம் சைமன் வில்லிசன் என்ற நிரலாளர் எடுத்துப் பேசினார். 2025இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதையே ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

வில்லிசன் இந்தச் சொல்லுக்கு ஓர் எல்லை வகுத்தார். விளம்பர அஞ்சல் எல்லாம் ஸ்பாம் (வேண்டாத அஞ்சல்) ஆகாது. அதேபோல எந்திரம் தந்த எழுத்தெல்லாம் ஸ்லாப் ஆகாது. யோசிக்காமல் உண்டாக்கி, கேட்காதவர் மேல் திணித்தால்தான் அது ஸ்லாப். தமிழ்ச் சொல் எதுவானாலும் இந்த எல்லைக்குள் நிற்க வேண்டும்.

'ஏஐ குப்பை' என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். வசவாகச் சரி, கலைச்சொல்லாகப் போதாது. குப்பை பார்த்ததுமே தெரிந்துவிடும். எந்திரக் கதை அப்படித் தெரியாது. அதில் தலைப்பு இருக்கும், பாத்திரங்கள் இருக்கும், பிழையில்லாத வாக்கியங்கள் இருக்கும். மூலச் சொல்லை ஒட்டிக் 'கழுநீர்' என்றாலும் பொருந்தாது. கழுநீரை மாடு விரும்பிக் குடிக்கும். நம் ஊரில் அது இழிவான பொருளே இல்லை.

பொருத்தமான சொல் பதர். நெல்லின் உமி முழுதாக இருக்கும், உள்ளே அரிசி இருக்காது. களத்தில் குவித்துப் பார்த்தால் மணியும் பதரும் ஒரே நிறம். சில ஊர்களில் இதையே சாவி என்பார்கள். 'பயிர் சாவியாப் போச்சு' என்றால் விளைச்சல் பொய்த்துவிட்டது என்று அர்த்தம்.

பதரின் பழைய வடிவம் பதடி. பயனில்லாத பேச்சைப் பாராட்டுகிறவனை மனிதன் என்று சொல்லாதே, 'மக்கட் பதடி' என்று சொல் என்கிறது குறள் 196. அதிகாரம், பயனில சொல்லாமை. வெறும் சொல்லுக்கும் பதருக்கும் உறவு நம் மொழியில் அவ்வளவு பழையது. குறுந்தொகை 323இல் தலைவியோடு கழியாத நாட்களைத் தலைவன் 'பதடி வைகல்' என்கிறான். அதைப் பாடியவரின் இயற்பெயர் தெரியாமல் போனதால் அந்தத் தொடரையே பெயராக்கிப் பதடிவைகலார் என்று வழங்குகிறோம். பெயர் போய்விட்டது, ஆனால் அந்தத் தொடரைச் சொன்ன ஒரு மனிதர் இருந்தார் என்பதில் நமக்குச் சந்தேகமே வரவில்லை. பதர்ப் புத்தகத்தில் இது தலைகீழ். அட்டையில் பெயர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். 2023 ஆகஸ்டில் அமெரிக்கப் பதிப்புத் துறை எழுத்தாளர் ஜேன் ஃபிரீட்மன், தாம் எழுதாத புத்தகங்கள் தம் பெயரிலேயே அமேசானில் விற்பனைக்கு இருப்பதைக் கண்டார்.

பதர் என்ற சொல்லை நான் வலியுறுத்த இன்னொரு காரணம், நெல்லைத் தூற்றிப் பதரைப் பிரிக்கும் வேலையையும் அது கூடவே நினைவுபடுத்துகிறது. கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ் வெளியிடும் கதைக்குச் சொல் கணக்கில் பணம் தரும். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். எளிதில் பணம் பண்ணும் வழி என்று இணையத்தில் சிலர் இதைப் பரப்பினார்கள். 2023 பிப்ரவரியில் வந்தவற்றில் மனிதர் எழுதியவை சுமார் 700 என்றால், எந்திரம் எழுதியவை சுமார் 500. ஆசிரியர் நீல் கிளார்க் அந்த மாதம் 20ஆம் தேதி கதை வாங்குவதையே நிறுத்திவிட்டார். மறுமாதம் மீண்டும் திறந்தார். நெல்லைக் காற்றில் தூற்றினால் பதர் தானாக விலகும். கதையில் அப்படி ஒரு காற்று இல்லை. எந்திர எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் மனிதர் எழுதியதையும் தவறாகப் பிடித்துக்கொடுக்கின்றன. கடைசியில் ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். அந்த நேரம், தன் முதல் கதையை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு புதியவருக்குச் சேர வேண்டியது. எனக்கு உண்மையில் வலிப்பது இதுதான்.

அமேசான் 2023 செப்டம்பரில் இரண்டு விதிகள் கொண்டுவந்தது. ஒருவர் ஒரு நாளில் மூன்று புதிய நூல்களுக்கு மேல் ஏற்ற முடியாது என்பது ஒன்று. (மூன்று என்பதே எவ்வளவு பெரிய எண்!) எந்திரம் உண்டாக்கிய நூலானால் அதை நிறுவனத்திடம் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. தானே எழுதி எந்திரத்தைக் கொண்டு திருத்தியிருந்தால் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அப்படிச் சொன்ன விவரத்தை வாங்குகிற வாசகருக்குக் காட்டும்படி அந்த விதி கேட்கவில்லை. வாசகருக்குத்தான் அது முதலில் தெரிய வேண்டும் என்பேன்.

அப்புறம், எதைப் பதர் என்று சொல்லக் கூடாது? ஜப்பானிய எழுத்தாளர் ரியே குடான் 2024 ஜனவரியில் அகுதாகவா என்ற இலக்கியப் பரிசு பெற்றபோது, நாவலில் சுமார் 5 சதவீதம் சாட்ஜிபிடி தந்த வாக்கியங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். கதைக்குள் ஒரு எந்திரம் பேசுகிறது, அதன் பதில்களுக்கு அவற்றைப் பயன்படுத்தினார். இது பதர் இல்லை. கருவும் முடிவும் எழுதியவருடையவை. யோசனையும் கொஞ்சம் உழைப்பும் இருந்து, முற்றாமல் போன எழுத்துக்கு வேறு சொல் இருக்கிறது: கருக்காய். முழுதும் விளையாத நெல் அது. எந்திரத்தின் துணையோடு வரும் பல முயற்சிகள் இந்த வகை. இன்னும் உழைத்தால் தேறலாம்.

வழக்கில் இப்படிக் கையாளலாம். பொதுப்பெயர் 'பதர்', எழுத்தை மட்டும் குறிக்க 'பதரெழுத்து', புத்தகமானால் 'பதர்நூல்'. "இந்தப் போட்டிக்கு வந்தவற்றில் பதரெழுத்தை முதல் சுற்றிலேயே விலக்கினோம்" என்று எழுதலாம். எழுதுகிறவரைப் பதர் என்று திட்ட வேண்டாம்; மேடை நாடகத்தில் 'பதரே!' என்று அதட்டுவதோடு அது போய்ச் சேர்ந்துவிடும். எழுத்தை மட்டும் சொல்வோம்.