கியாரி ஆபரேஷனுக்குப் பிறகு பிடரி ஏன் இப்படி வலிக்கிறது?

கியாரி குறைபாட்டுக்கு ஆபரேஷன் முடிந்து கண் விழிப்பவர்கள் பலரும் முதலில் கையைக் கொண்டுபோவது பிடரிக்குத்தான். மூளைக்கு ஆபரேஷன் என்று சொன்னார்களே, கழுத்து ஏன் இரும்புக் கம்பி போல விறைத்துக் கிடக்கிறது என்று பயந்துவிடுகிறார்கள். அந்தப் பயத்தைப் போக்க, உள்ளே நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டாலே பாதி போதும்.

மண்டை ஓட்டின் அடியில் ஒரு பெரிய துளை உண்டு. மூளையின் தண்டு அந்தத் துளை வழியாக இறங்கித்தான் தண்டுவடமாகிறது. சிறுமூளையின் கீழ்முனையில் இருக்கும் இரண்டு சிறு மடல்களுக்கு டான்சில் என்று பெயர். தொண்டையில் இருக்கும் டான்சிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்த மடல்கள் துளைக்குள் சரிந்து இறங்கியிருப்பதைத்தான் கியாரி குறைபாட்டின் முதல் வகை என்கிறோம். பிராகில் பணியாற்றிய நோய்க்குறியியல் மருத்துவர் ஹான்ஸ் கியாரி 1891இல் இதை விவரித்தார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் 5 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் இந்தப் பெயரைச் சூட்டுவது வழக்கம். ஆனால் அந்த எண்ணை வைத்து வேதனையை அளக்க முடியாது. நிறைய இறங்கியும் ஒரு தொல்லையும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். துளையில் திரவம் ஓட இடம் இருக்கிறதா என்பதே முக்கியம்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி எந்நேரமும் சுமார் 150 மில்லி திரவம் இருக்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லி புதிதாகச் சுரந்து, பழையது இரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஒவ்வொரு இதயத் துடிப்பிலும் தலைக்குள் இரத்தம் பாயும்போது, விரிய முடியாத மண்டை ஓட்டிலிருந்து கொஞ்சம் திரவம் கழுத்துப் பக்கம் இறங்கி, மறுபடி ஏறுகிறது. டான்சில் தக்கை போல அடைத்துக்கொண்டால் இந்தப் போக்குவரத்து தடைபடும். இருமினால், தும்மினால், முக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறி, பின்மண்டையில் சுரீர் என்று வலி பாயும். நாளடைவில் சிலருக்குத் தண்டுவடத்தின் நடுவிலேயே திரவம் தேங்கிக் குழிவு உண்டாகிறது.

ஆபரேஷனில் செய்வது இடம் பண்ணிக் கொடுப்பது. பின்மண்டையின் அடியில் சுமார் 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு எலும்பை எடுக்கிறார்கள். பெரும்பாலும் கழுத்தின் முதல் எலும்பின் பின்வளையத்தையும் சேர்த்து எடுப்பார்கள். இறுக்கமான சட்டையின் தையலைப் பிரித்து ஒட்டுத்துணி வைத்துப் பெரிதாக்குவது போல, மூளையின் தடித்த உறையைத் திறந்து ஒரு ஒட்டு வைத்துத் தைப்பதும் உண்டு. எடுத்த எலும்பைத் திரும்ப வைப்பதில்லை. அந்த இடத்தைத் தசை மூடிக்கொள்ளும்.

வலியின் பெரும்பகுதி அந்தத் தசையிலிருந்துதான் வருகிறது. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. ஆனால் எலும்பை எட்ட, பிடரித் தசைகளை நடுக்கோட்டில் பிரித்து, எலும்பிலிருந்து உரித்து ஒதுக்க வேண்டியிருக்கிறது. கிட்டத்தட்ட 5 கிலோ எடையுள்ள தலையை நாள் முழுக்கத் தாங்குபவை அவை. அவற்றுள் ஆழத்தில் இருக்கும் குட்டித் தசைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு: தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மூளைக்கு ஓயாமல் சேதி அனுப்புவது. அவை காயப்பட்டிருக்கும்போது தலையைத் திருப்பினால் கிறுகிறுப்பதும் நிலை தடுமாறுவதும் புரியக்கூடியவைதான். பயந்துபோய்க் கழுத்தை அசைக்காமலே வைத்திருப்பவர்களுக்குத்தான் பிடிப்பு நாள்பட நீடிக்கிறது. மருத்துவர் அனுமதித்ததும் மெல்ல மெல்லத் திருப்பிப் பழக வேண்டும்.

படுக்கையிலிருந்து எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒன்றாக, மரக்கட்டை உருள்வது போல ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். எழுந்ததும் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருப்பது நல்லது. அடுத்தது, கேட்கக் கூச்சப்பட்டு பலரும் விட்டுவிடுகிற விஷயம்: மலச்சிக்கல். வலுவான வலி மாத்திரைகள் குடலை மந்தமாக்கும். முக்கினால் ஏறும் அழுத்தம் நேராக அந்தப் புதிய தையலில் போய் முட்டும். மலத்தை இளக்கும் மருந்தை முதல் நாளிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதில் வெட்கத்துக்கு இடமே இல்லை.

தையல் கசிந்தால் அறிகுறி தெரியும். தலையணையில் தெளிந்த நீர் ஈரம், காயத்தருகே மெத்தென்று பெருக்கும் வீக்கம், உட்கார்ந்தால் கூடிப் படுத்தால் குறையும் தலைவலி. இவற்றில் எது வந்தாலும், காய்ச்சலோ ஓயாத வாந்தியோ மயக்கமோ விழுங்கச் சிரமமோ இருந்தாலும், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே சிந்திய இரத்தம் உறையை உறுத்துவதாலும் காய்ச்சல் வரலாம், தொற்றாலும் வரலாம். எது என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் திரும்பப் பலருக்கு 4 முதல் 6 வாரம் ஆகிறது, சிலருக்கு அதற்கும் மேல். தேறி வருவது நேர்கோட்டில் நடக்காது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் உடம்பு லேசாக இருக்கிறதே என்று வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த இரண்டு நாள் படுத்துக் கிடப்பது சகஜம்.

நரம்புகள் இன்னும் நிதானமானவை. இருமும்போது வந்த தலைவலிதான் பெரும்பாலும் நன்றாகக் குறைகிறது. திரவம் ஓட வழி கிடைத்துவிட்டதே காரணம். பின்மண்டைத் தோலில் ஒரு திட்டு மரத்துப்போய், சீப்பு பட்டால் வேறு யாருடைய தலையோ என்று தோன்றும். அறுபட்ட தோல் நரம்பிழைகள் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும்.

தண்டுவடத்தில் குழிவு இருந்தவர்களின் கதை வேறு. சூட்டையும் வலியையும் சுமக்கும் இழைகள் தண்டுவடத்தின் நடுவில்தான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடக்கின்றன. குழிவு முதலில் கெடுப்பது அவற்றைத்தான். அதனால் டம்ளரைப் பிடித்திருப்பது கைக்குத் தெரியும், அது சுடுவது தெரியாது. ஆபரேஷனுக்குப் பின் குழிவு சுருங்க மாதக்கணக்கில் ஆகும். 3 முதல் 6 மாதத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். நசுங்கிக் கிடந்த இழைகள் தேறக்கூடும், அழிந்துபோனவை மீளாது. எனவே மேலும் கெடாமல் நின்றாலே அதை வெற்றி என்றுதான் நான் சொல்வேன். உணர்வு திரும்பியது உறுதியாகும்வரை, குளிக்கும் வெந்நீரில் அந்தக் கையை விடாதீர்கள். சூடு நன்றாகத் தெரிகிற இடத்தால் தொட்டுப் பாருங்கள், இல்லையென்றால் வீட்டில் வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.