‘ண’வின் சுழி ஏன் அடைத்துக்கொள்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மகளின் பள்ளிச் சட்டைப் பையில் பெயரைக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் போடக் கொடுத்தோம். ஆங்கிலத்தில் பளிச்சென்று வந்தது. அதே மெஷினில், அதே அளவில் தமிழில் போட்டால் எழுத்தெல்லாம் அடைத்துக்கொண்டு வருகிறது. இந்த மெஷினுக்குத் தமிழ் ராசியில்லை என்கிறார் கடைக்காரர். அப்படியா?”

ராசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காரணம் வடிவியலில் இருக்கிறது, பள்ளிக் கணக்கை வைத்தே அதைப் பார்த்துவிடலாம்.

எம்பிராய்டரி எழுத்தின் கோடுகளைப் பெரும்பாலும் சாட்டின் தையலில் நிரப்புவார்கள். ஊசி கோட்டின் ஒரு கரையில் இறங்கி, மறு கரைக்குத் தாவி, மீண்டும் இக்கரைக்கு வரும். ஒரே கரையில் அடுத்தடுத்த குத்துகளுக்கு நடுவே வழக்கமாக 0.4 மில்லிமீட்டர் இடைவெளி. 40ஆம் நம்பர் நூலின் அகலமும் ஏறக்குறைய அதுதான், அதனால் துணி தெரியாமல் மூடிவிடும். ‘H’, ‘L’ போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளுக்கு இந்தக் கணக்கு போதும்.

இப்போது ‘ண’வின் ஒரு சுழியை எடுத்துக்கொள்வோம். வெளி விட்டம் 3 மி.மீ., நடுத் துளை 1 மி.மீ., கோட்டின் தடிமன் 1 மி.மீ. வெளிச் சுற்றளவு 9.4 மி.மீ. என்பதால் அங்கே சுமார் 23 குத்துகள். ஒவ்வொரு வெளிக் குத்துக்கும் ஜோடியாக உள்ளே ஒரு குத்து வேண்டும். ஆனால் உட்சுற்றளவு 3.1 மி.மீ.தான்! அதே 23 குத்துகளும் அதற்குள் அடங்கியாக வேண்டும். இடைவெளி 0.13 மி.மீ. ஆகிவிடுகிறது. மெல்லியது என்று நாம் போடும் 9ஆம் நம்பர் ஊசியின் தடிமனே 0.65 மி.மீ. ஒரு குத்து விழுந்த இடத்திலேயே அடுத்ததும் விழுகிறது. தபால்தலை ஓரத்தைப் போல அந்த வட்டம் கிழிபடத் தயாராகிறது, நூல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவிகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நூல் விறைப்பாக இழுபட்ட நிலையில்தான் தையலாகிறது. பிறகு தளரும்போது கோட்டின் இரு கரைகளையும் உள்ளே இழுத்து, கோட்டை மெலிய வைக்கும். அதை ஈடுகட்ட, பஞ்சிங் செய்பவர், அதாவது எழுத்தைக் கணினியில் தையலாக மாற்றுபவர், கோட்டை முன்கூட்டியே 0.2 மி.மீ. தடிப்பாக்குவார். நேர்க்கோட்டில் அது நல்ல வேலை. சுழியிலோ அதில் பாதி துளைக்குள் நீள்கிறது. 1 மி.மீ. துளை 0.8 ஆகிறது, அதாவது இரண்டு நூல் அகலம். அடைக்காமல் என்ன செய்யும்?

தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. உள்வளைவில் எல்லாத் தையலும் கரை வரை போக வேண்டியதில்லை. ஒன்றுவிட்டு ஒன்றைப் பாதி வழியில் நிறுத்திவிட்டால் உள்ளே நெரிசல் பாதியாகும், வெளியே அடர்த்தி குறையாது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. துளையையும் அச்சு எழுத்தில் இருப்பதைவிடப் பெரிதாக வரைய வேண்டும். சுழி மிகச் சிறியதென்றால் சாட்டினை விட்டுவிட்டு இரண்டு சுற்று ஓட்டத் தையலே மேல்.

அடுத்தது புள்ளி. ‘பொன்னம்மாள்’ என்ற பெயரில் மூன்று. ஒவ்வொன்றுக்கும் நூலை வெட்டி, தொடக்கத்திலும் முடிவிலும் முடிச்சுத் தையல் போட வேண்டும். 1 மி.மீ. இடத்தில் அத்தனையும் விழுந்தால் மணி போலத் திரளும். புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி, எழுத்திலிருந்து தள்ளி, குறைந்த தையலில் முடிப்பதே வழி.

மற்றவை தெரிந்த விஷயங்கள்தான்: 40ஐவிட மெல்லிய 60ஆம் நம்பர் நூல், 9ஆம் நம்பர் ஊசி, குறைந்த வேகம், பனியன் துணி என்றால் அடியில் கிழித்தெடுக்காத பேப்பர், மேலே தண்ணீரில் கரையும் படலம். பின்பக்கம் திருப்பினால் கோட்டின் நடு மூன்றில் ஒரு பங்கில் பாபின் நூல் (மெஷினின் அடிநூல்) தெரிய வேண்டும்.

கணினி எழுத்துருவை ஒரே சொடுக்கில் தையலாக மாற்றும் வசதி மென்பொருளில் உண்டு. ஆனால் அந்த எழுத்துகள் திரைக்கும் காகிதத்துக்கும் வரைந்தவை. ஊசிக்கென்றே, 5 மி.மீ. உயரத்துக்கென்றே தமிழ் எழுத்துகளை வரைந்து இலவசமாகக் கொடுக்க ஏதாவது ஒரு ஜவுளித் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அரசு நிதி தர வேண்டும். கணினித் தமிழுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு துளி போதும். திருப்பூரில் ஒவ்வொரு பஞ்சிங் தொழிலாளியும் தனித்தனியாக அதே சுழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

வாசகர் கடைக்காரரிடம் இரண்டு கேட்கலாம்: எழுத்தின் உயரத்தை 8 மி.மீ. ஆக்க முடியுமா, முதலில் அதே துணியின் துண்டில் தைத்துக் காட்ட முடியுமா.