டிடிஎஸ் குறைவாக இருந்தால் அது நல்ல தண்ணீரா?

பரிசோதனைக் கூடத்துக்குத் தண்ணீர் கொண்டு வருபவர்களில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, "டிடிஎஸ் எவ்வளவு சார்?" என்பதைத்தான். 200 என்றால் நிம்மதி, 900 என்றால் கவலை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் அந்த எண் சொல்கிறது. நம் நாட்டுக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத ஊரில் 2000 வரைகூட அனுமதிக்கிறது. மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமிக்கு இந்தத் தளர்வு கிடையாது. 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆனால் சாக்கடை கலந்த தண்ணீரிலும் டிடிஎஸ் மீட்டர் 200 காட்டலாம். கிருமி அதற்குத் தெரியாது.

சரி, சாக்கடை எங்கே கலக்கிறது? பெரும்பாலும் தொட்டியில் இல்லை, வழியில்தான். நம் ஊர்களில் தண்ணீர் சில மணி நேரம்தான் வருகிறது. விட்டு முடித்ததும் குழாயில் அழுத்தம் போய்விடும். கால்வாயை ஒட்டிப் போகும் குழாயில் இணைப்பு கசிந்தால், வெளியே இருக்கும் கழிவுநீர் உள்ளே இறங்கும். இது போதாதென்று, வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறோம். ஒரு வீட்டு மோட்டார் இழுக்கும் இழுப்பில் தெருவுக்கே சாக்கடை வரலாம். மழைக்காலத்தில் இன்னும் மோசம். மேல்நிலைத் தொட்டியில் எடுத்த மாதிரி சுத்தமாகவும், அதே தெருவின் கடைசி வீட்டு மாதிரி கெட்டும் வருவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இந்த வழிப்பயணத்துக்குக் காவல் குளோரின்தான். புது பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய 33 சதவீதம் குளோரின் இருக்கும். மூட்டையைத் திறந்து ஈரமான மோட்டார் அறையில் போட்டுவைத்தால் வீரியம் இறங்கிக்கொண்டே போகும். ஆபரேட்டர் வழக்கமான அளவைத்தான் போடுவார், தண்ணீரில் சேரும் குளோரின் குறைந்திருக்கும். அதனால் எத்தனை கிலோ போட்டார்கள் என்ற கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். குளோரின் அளவைக் காட்டும் சின்னக் கருவியான குளோரோஸ்கோப்பில் தண்ணீர் எடுத்து, சில சொட்டு மருந்து விட்டால் நிமிடத்தில் தெரியும். மஞ்சள் நிறமே வராவிட்டால் குளோரின் இல்லை.

சந்தேகமாக இருந்தால் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் விடுங்கள், கிருமி சாகும். ஆனால் செப்டிக் டேங்க் அருகே போட்ட போர் தண்ணீரில் சேரும் நைட்ரேட்டும், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஃபுளோரைடும் கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். நைட்ரேட் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்த கிராம சபையில், தண்ணீர் பரிசோதித்தீர்களா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தத் தெருவில், எத்தனையாவது வீட்டுக் குழாயில் மாதிரி எடுத்தீர்கள் என்று கேளுங்கள். தொட்டியடியில் எடுத்தது என்றால், கடைசி வீட்டிலும் எடுக்கச் சொல்லுங்கள்.